பாதையைக் கெடுக்கும் வேலை

“என்ன ராசா, பாதையைக் கிண்டிக் கெடுக்கிறதுக்கோ உனக்குச் சம்பளம் தருகினம்?”

அம்மா இதைக் கேட்டபோது நான் வடக்கு அல்பேர்ட்டாவில், கொங்க்ளின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஒரு வேலை முகாமின் சாப்பாட்டறையில் இருந்தேன். எனக்கு இரவு, வெளியே மைனஸ் 31. அம்மாவுக்குக் கிளிநொச்சியில் விடிந்து கொஞ்ச நேரம். காகம் கத்துவது போனில் கேட்டது.

“றோட்டு இல்லையம்மா. எண்ணெய்க் கொம்பனியள் காட்டுக்குள்ள வெட்டின கோடுகள். அதுகளால ஒருத்தரும் போகேலாமல் பண்ணவேணும்.”

“ஆர் போகேலாமல்?”

“ஓநாய்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சாப்பிட்டியே?” என்றா.

அவவைக் குறைசொல்ல ஏலாது. நாங்கள் பாதைக்கு ஏங்கிய சனம். போரில் ஏ9 நெடுஞ்சாலை மூடியிருந்த காலத்தில் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களில் அப்பாவும் ஒருவர். 2002இல் அந்த வீதி திறந்தபோது ஓரத்தில் நின்று அழுத கிழவிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாதை என்றால் எங்களுக்கு மருந்து, மண்ணெண்ணெய், சவர்க்காரம், வெளிநாட்டிலிருந்து வரும் கடிதம். அந்த ஊரில் வளர்ந்தவன் இங்கே பனிக்குள் நின்று பாதைகளைக் கெடுக்கிறான் என்றால் ஒரு காரணம் சொல்லத்தான் வேண்டும்.

காரணம் ஒரு மான். கனடாவின் 25 சதக் காசைப் புரட்டிப் பார்த்தால் கொம்போடு ஒரு தலை இருக்கும். 1937இலிருந்து அங்கேதான் இருக்கிறது. அதன் பெயர் கரிபூ. (அம்மாவின் காதில் ‘கவரி’ என்று விழுந்து, நான் ஏதோ கவரிமானைக் காப்பாற்றுவதாகச் சித்திமாருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தா. திருத்த மனம் வரவில்லை.) வட ஐரோப்பாவில் ரெயின்டீர் என்று சொல்வதும் இதே இனம்தான். மான் குடும்பத்திலேயே பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதற்கு மட்டும். கரிபூ என்ற பெயர் மிக்மாக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. பனியைக் காலால் கிண்டுவது என்று பொருள். கிண்டி எடுப்பது லைக்கனை. செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடும் கல்பாசி இருக்கிறதே, அதுவும் ஒரு லைக்கன்தான். அதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள் இந்தக் காட்டுத் தரையில் சாம்பல் வெள்ளையில் மெத்தைபோலப் படர்ந்திருக்கும். வேறு சில, கிழட்டு மரக்கிளைகளில் தாடிபோலத் தொங்கும். வளர்வது ஆமை வேகம். கரிபூவின் பசிக்குப் போதுமான அளவு சேரக் காட்டுக்கு எழுபது எண்பது வயதாவது ஆகவேண்டும்.

தொலைக்காட்சியில் ஆயிரக்கணக்கில் மந்தையாக ஓடுவது துருவப் பக்கத்துக் கரிபூ. நான் சொல்வது காட்டுக் கரிபூ. இது ஓடிக் காட்டுகிற பிராணி இல்லை, ஒளிகிற பிராணி. ஆஸ்பென் மரங்கள் உள்ள மேட்டுநிலத்தில் மூஸ் என்ற பெரிய மான் இருக்கும். மூஸ் இருக்கும் இடத்தில் ஓநாய் இருக்கும். ஆகவே காட்டுக் கரிபூ யாருக்கும் வேண்டாத இடமாகப் பார்த்துப் போய்விடும்: மஸ்கெக் என்று இங்கே சொல்லும் சதுப்பு, கறுப்பு ஸ்புரூஸ் மரங்கள் விரல் மொத்தத்தில் நின்று நூறு வயதைக் கடக்கும் ஈரநிலம். வசந்தத்தில் கன்று போடும் நேரம் தாய்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தனித்தனியே எங்கேயோ போய் மறைந்துவிடும். ஒரு வருசத்துக்கு ஒரே ஒரு கன்று. மூஸ் இரட்டைக் கன்று போடும், இழந்ததை ஈடுசெய்யும். கரிபூவுக்கு அது முடியாது. அதன் முழுக் கணக்கும் தூரத்தில்தான் இருக்கிறது: இவ்வளவு பெரிய சதுப்பில் என்னைத் தேடி எவன் வரப்போகிறான்?

பல ஆயிரம் ஆண்டுகள் அந்தக் கணக்கு பிழையாகவில்லை.

பிறகு கோடுகள் வந்தன. நிலத்துக்கு அடியில் எண்ணெய் எங்கே என்று பார்க்க, நிலத்துக்கு ஒரு ஸ்கான் எடுப்பார்கள். சின்னதாக வெடிவைத்து, அதன் அதிர்வு பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வருவதை வரிசையாக வைத்த கருவிகளில் பதிவார்கள். கருவிகளை நேர்கோட்டில் வைக்கவேண்டும். அதற்குக் காட்டை நேர்கோட்டில் வெட்டவேண்டும். இதுதான் சைஸ்மிக் லைன். வேலைக்காரர் வாயில் கட்லைன். 1950களிலிருந்து பனிக்காலத்தில் சதுப்பு உறைந்ததும் புல்டோசர் போய், ஐந்து முதல் பத்து மீற்றர் அகலத்தில், ஆறு மலை எதையும் பார்க்காமல் அடிமட்டம் வைத்ததுபோல இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. இப்போது வெட்டுகிற கோடுகள் ஒடுக்கம், ஆனால் நெருக்கம். விமானத்திலிருந்து பார்த்தால் கொப்பி ஒற்றை மாதிரி இருக்கும்.

வெட்டினால் என்ன, காடு திரும்ப முளைக்காதா என்று நானும் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வளவைப் பத்து வருசம் விட்டுப்பாருங்கள், வீட்டையே காடு விழுங்கிவிடும். இங்கே அப்படி இல்லை. அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வெட்டி 35 வருசம் ஆன பிறகும் மரம் செடி பாதியளவுக்கு மேல் மூடியிருந்தது எட்டுச் சதவீதக் கோடுகளில் மட்டும். ஏன் என்று அந்த இடத்தில் காலை வைத்தால் தெரியும். சதுப்புத் தரை சமதரை இல்லை, குண்டும் குழியுமானது. ஒரு முழ உயர மேடு, பக்கத்தில் தண்ணீர். ஸ்புரூஸ் விதை முளைப்பது அந்த மேட்டில்தான். புல்டோசர் மேடுகளை வழித்துத் தள்ளிவிட்டது. பாரத்தில் பாசி அமுங்கிவிட்டது. கோடு காட்டைவிடத் தாழ்வாகிப்போய் நீர் தேங்குகிறது. விழுகிற விதை அழுகுகிறது, மிஞ்சினது புல். அதற்கு மேலால் குவாட் என்ற நாலு சில்லு வண்டியும் ஸ்னோமொபைலும் ஓடி, முளைத்த ஒன்றிரண்டையும் மிதித்துவிடுகின்றன.

ஓநாய்க்கு இது நெடுஞ்சாலை. அடர்ந்த காட்டுக்குள் பனியில் புதைந்து நடப்பதற்கும், திறந்த நேர்கோட்டில் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஓநாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோட்டில் அவை இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் போகின்றன. தூரத்தை நம்பி ஒளிந்திருந்த பிராணிக்கு, தூரம் சுருங்கிவிட்டது. மரம் வெட்டும் தொழில் இன்னொரு பக்கத்தால் இதே வேலையைச் செய்கிறது. பழங்காட்டை வெட்டினால் இளங்குழை முளைக்கும். குழைக்கு மூஸ் வரும், குளிர் குறையக் குறைய வெள்ளைவால் மானும் வடக்கே ஏறி வரும். இரண்டையும் தின்று ஓநாய் பெருகும். பெருகின ஓநாய் போகிற வழியில் கரிபூவையும் அடிக்கும். கரிபூ அருகினாலும் ஓநாய் பட்டினி கிடப்பதில்லை, அதன் சோறு மூஸிடம் இருக்கிறது. ஒரு கரிபூவின் மேலும் ரம்பம் பட்டதில்லை, ஒரு குழாயும் அதன் மேல் விழுந்ததில்லை. ஆனாலும் சாகிறது. விசாரித்தால் குற்றவாளி ஓநாய் என்றுதான் முடியும்.

என்னுடைய உண்மையான வேலை கணினியில் வரைபடம் போடுவது. எட்மன்ரனில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாதம், அதபாஸ்கா ஆற்றுக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலத்தின் செய்மதிப் படத்தைத் தந்து, கோடுகளை எல்லாம் வரையச் சொன்னார்கள். இரண்டு கிழமை வரைந்தேன். மெல்லிய கோடுகள். முழு நிலத்தோடு ஒப்பிட்டால் அவை பிடித்த இடம் தூசி. இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகு பக்கத்து மேசைக்காரி வந்து, இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் 500 மீற்றர் சேர் என்றாள். அது மத்திய அரசின் கணக்கு முறை: மனிதன் கைவைத்த எதுவானாலும், அதிலிருந்து 500 மீற்றர் வரை கரிபூவுக்குக் குலைந்த நிலம். பொத்தானை அமத்தினேன். திரை ஒரு நிமிசம் யோசித்தது. பிறகு முழுக்கச் சிவப்பு.

ஆறு மீற்றர் அகலக் கோடு ஒரு கிலோமீற்றர் போனால், வெட்டினது அரை ஹெக்ரயருக்குச் சற்றுமேல். குலைந்தது நூறு ஹெக்ரயர். ஊர்க்கணக்கில் 250 ஏக்கர். இந்தப் பெருக்கலை நான் கையால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், கணினியில் நம்பிக்கை வராமல்.

அந்தக் கணக்கு முறை வருவது 2012இல் கனடா வெளியிட்ட மீட்புத் திட்டத்திலிருந்து. நாடு முழுவதிலும் 51 கரிபூப் பரப்புகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 65 சதவீத நிலம் குலையாமல் இருக்கவேண்டும் என்றார்கள். 40 வருசத்துக்குள் எரிந்த காடும் குலைந்ததில் சேரும். 65 இருந்தால் என்ன கிடைக்கும்? அந்த மந்தை தன் காலில் நிற்க 60 சதவீத வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டி பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சுண்டுகிற காசில் இருப்பதும் அதே கரிபூ. மாகாணங்கள் தங்கள் பரப்புகளுக்கான திட்டங்களை 2017க்குள் தரவேண்டும் என்று கெடு வைத்தார்கள். அந்தக் கெடு வந்து போனது.

அல்பேர்ட்டாவின் மேற்கே லிட்டில் ஸ்மோக்கி என்ற பரப்பு, அந்தக் கணக்கெடுப்பில் 95 சதவீதம் குலைந்திருந்தது. மிச்சம் ஐந்து. அங்கே மந்தை இன்னும் இருப்பதற்குக் காரணம், 2005 பனிக்காலத்திலிருந்து அரசாங்கம் ஹெலிகொப்டரில் போய் ஓநாய்களைச் சுட்டுக்கொண்டே இருப்பதுதான். இறைச்சியில் ஸ்ட்ரிக்னின் நஞ்சு வைத்தும் கொன்றார்கள். நஞ்சுக்கு ஓநாய் எது, நரி எது, அண்டங்காகம் எது என்று தெரியாது. முதல் ஏழு பனிக்காலத்தில் செத்த ஓநாய்கள் மட்டும் 800க்கு மேல். பலன் இருந்தது: கரிபூ குறைவது நின்றது. கூடவில்லை, குறைவது நின்றது. அதே காலத்தில் அதே காட்டில் மரமும் வெட்டினார்கள், கிணறும் தோண்டினார்கள்.

இதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் கதைப்பதில்லை. எனக்கு இதில் ஒரு முடிவு உண்டு, சொல்லிவிடுகிறேன். கோட்டை மூடிக்கொண்டே ஓநாயைச் சுட்டால், மரம் வளரும் மட்டும் காலம் வாங்குகிறோம் என்று ஒப்புக்கொள்வேன், கசப்போடு. ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே மறுபக்கம் சுடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது. அந்தக் குடத்துக்காக ஓநாய் சாகிறது.

சரி, மூடுவது எப்படி? அதற்குத்தான் என்னையும் ஒரு பனிக்காலம் முகாமுக்கு அனுப்பினார்கள். 881ஆம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போய், உறைந்த சதுப்பின் மேல் ஐஸ் பாதை போட்டு, எக்ஸ்கவேற்றரை ஏற்றிக்கொண்டு போவார்கள். (ஆம், பாதையைக் கெடுக்கப் போவதற்கும் ஒரு பாதை வேண்டும். அது வசந்தத்தில் கரைந்துவிடும் என்பது ஆறுதல்.) வாளியால் உறைந்த கரிமண்ணை ஒரு கொத்துக் கொத்தி, பக்கத்தில் கவிழ்த்து வைப்பார்கள். ஒரு குழி, ஒரு மேடு. சில அடி தள்ளி இன்னொன்று. கோடு முழுக்க இப்படி. அன்றைக்குப் புல்டோசர் வழித்தெடுத்த மேடுகளை இன்றைக்கு ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறோம். பிறகு மேட்டின் மேல் ஸ்புரூஸ் கன்று நடுவார்கள். ஓரத்து மரங்களைச் சாய்த்தும் வளைத்தும் குறுக்கே போடுவார்கள், கால்வைக்க இடமில்லாமல். ஒரு கிலோமீற்றருக்குப் பத்தாயிரம் டொலருக்குக் குறையாமல் செலவு. வேலைசெய்ய இரண்டு மூன்று மாதம்தான். மண் இளகினால் யந்திரம் தாழும்.

என் வேலை முன்னால் நடந்துபோய், எங்கே தொடங்குவது எங்கே விடுவது என்று குறிப்பது. பாதத்தில் சூடான பையை வைத்துக்கொண்டு, குறி வைக்கும் ரேப்பைக் கட்டிக்கொண்டு நடப்பேன். கோட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே நேர். அங்கே இருந்த நாட்களில் ஓநாயின் கால்தடம் நாலு தரம் பார்த்தேன், நாலும் கோட்டின் நடுவாலேயே போயிருந்தது, ஒன்றன் அடியில் மற்றது வைத்து, ஒரே மிருகம் போனதுபோல. கரிபூவை ஒருதரமும் பார்க்கவில்லை. பனியைக் கிண்டின குழிகளைப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளை லைக்கன் பாதி கடித்தபடி இருந்தது.

எக்ஸ்கவேற்றர் ஓட்டியவர்களில் ஒருவர் மேற்றி ஆள், அதாவது பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த சனம். அறுபத்தைந்து வயதிருக்கும். கொங்க்ளின் பக்கத்துக்காரர். இதே பகுதியில் இளந்தாரிப் பருவத்தில் கோடு வெட்டும் குழுவில் இருந்தாராம். அப்போது வெட்டச் சம்பளம், இப்போது மூடச் சம்பளம் என்று சொல்லி, அந்தப் பகிடியை ஏற்கெனவே பலருக்குச் சொல்லியவரைப்போலத் தானே முதலில் சிரித்தார். பிறகு கேபினை விட்டு இறங்கி, என் கையிலிருந்த வரைபடத்தில் ஒரு கோட்டைத் தொட்டார். இதை மூடாதே, இது என் மச்சானின் பொறிப்பாதை, மார்ட்டன், லிங்ஸ் என்ற ரோம மிருகங்களுக்குப் பொறி வைத்து முப்பது வருசமாக இதால்தான் போகிறான் என்றார்.

அலுவலகத்துக்குத் தெரிந்த விசயம்தான். பொறிக்காரர்களோடு பேசித்தான் கோடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள், சிலதை மூடாமலும் விடுவார்கள். ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. யாரோ பிழையாக வெட்டின கோட்டில் இன்னொருவர் வாழ்க்கையைப் போட்டுவிட்டார். முப்பது வருசம் போய்வந்தால் அது அவருடைய பாதை. கிளாலியில் வள்ளம் விட்டவர்களை நினைத்தேன், கரையில் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தவர்களையும் நினைத்தேன். அந்தக் கோட்டை வரைபடத்தில் பச்சையாக்கினேன். அதாவது விட்டுவிடு. ஓநாயும் அதால் போகும் என்பது தெரிந்தே.

இந்த வேலையில் ஊக்கம் குறையும்போது நான் நினைப்பது மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கு மலைகளில் க்ளின்சே-சா என்ற மந்தையை. அங்கே பாதை கெட்டது வேறு விதம். 1968இல் பீஸ் ஆற்றில் பெனட் அணையைக் கட்டி முடித்தார்கள். வில்லிஸ்டன் நீர்த்தேக்கம் எழுந்து கரிபூவின் சொந்த வழியை மூழ்கடித்தது. ஓநாய்க்கு வழி போட்டுக்கொடுத்த அதே தொழில் யுகம், கரிபூவின் வழியைத் தண்ணீரால் அடைத்தது. ஒரு காலத்தில் பூச்சிபோல மலை முழுக்க இருந்தன என்று முதியவர்கள் சொல்லும் மந்தை, 2013இல் 40க்கும் கீழ். பக்கத்தில் பேர்ன்ட் பைன் என்ற இன்னொரு மந்தையின் நிலத்தில் நிலக்கரி எடுக்க விட்டதை எதிர்த்து வெஸ்ட் மோபர்லி என்ற பூர்வகுடிச் சமூகத்தார் வழக்காடி வென்றார்கள். வென்றும் அந்த மந்தை தப்பவில்லை.

அதற்குப் பிறகு வெஸ்ட் மோபர்லியும் சோல்ட்டோவும் ஆகிய இரண்டு பூர்வகுடிச் சமூகங்கள் தாங்களே கையில் எடுத்தார்கள். 2014இலிருந்து பனிக்காலக் கடைசியில் சினைப்பட்ட கரிபூக்களைப் பிடித்து, மலையில் உயர்ந்த துணிவேலி போட்ட அடைப்புக்குள் விட்டு, கன்று போட்டு அது ஓடத் தெரியும்வரை காவலிருக்கிறார்கள். ஊர்ச்சனம் காட்டில் லைக்கனைக் கையால் ஆய்ந்து சாக்கில் கட்டி மேலே அனுப்புகிறது. ஒரு சாக்கை நிரப்ப எவ்வளவு நேரம் என்று கல்பாசி பொறுக்கியவர்களைக் கேட்டால் தெரியும். அவர்களும் ஓநாயைக் குறைத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் சுடுவதோடு நிற்காமல் நிலத்தையும் கேட்டார்கள்: 2020இல் மத்திய அரசோடும் மாகாணத்தோடும் ஒப்பந்தம் போட்டு ஏறக்குறைய 8,000 சதுர கிலோமீற்றருக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். 2021இல் மந்தை 100ஐத் தாண்டியது. இந்தச் சமூகங்கள் 1970களிலிருந்தே தங்களுக்கு ஒப்பந்தத்தில் உள்ள கரிபூ வேட்டை உரிமையைத் தாங்களாக நிறுத்திவைத்திருப்பவர்கள். அவர்களுக்கு நூறு என்பது தொடக்கம். மீண்டும் வேட்டையாடக் கூடிய அளவுக்கு வரவேண்டும் என்கிறார்கள். காட்சிக்கு வைக்க அவர்கள் வளர்க்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மற்றப் பக்கத்துப் பட்டியலும் உண்டு. பான்ஃப் பூங்காவின் கடைசிக் கரிபூக்கள் 2009இல் ஒரு பனிச்சரிவில் போயின. தென் செல்கேர்க் மந்தையின் கடைசிப் பெண்ணை 2019 தொடக்கத்தில் பிடித்து வடக்கே கொண்டுபோனதும், அலாஸ்காவும் ஹவாயும் தவிர்ந்த அமெரிக்காவின் 48 மாநிலங்களில் கரிபூ இல்லாமல் போனது. கியூபெக்கில் வால்-டோர் மந்தையில் மிஞ்சிய சிலதை வேலிக்குள் வைத்திருக்கிறார்கள்.

முகாமிலிருந்து திரும்பி வந்ததும் அந்தப் பனிக்காலத்தில் மூடின கோடுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெட்டியில் ‘மேடு போட்டது, கன்று நட்டது’ என்று எழுதவேண்டும். எழுதி முடித்து, சிவப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க அந்தப் பழைய பொத்தானை அமத்தினேன்.

ஒன்றும் மாறவில்லை. பக்கத்து மேசைக்காரி எட்டிப்பார்த்து, மாறாது, நட்டதெல்லாம் மரமாகும் மட்டும் அது குலைந்த நிலம்தான் என்றாள். நட்ட கன்றின் உயரம் ஒரு சாண். சதுப்பில் ஸ்புரூஸ் என் இடுப்பளவு வரப் பத்து வருசமாவது வேண்டும்.

அன்றிரவு அம்மா, “என்ன ராசா, எல்லாத்தையும் மூடி முடிச்சிட்டீங்களே?” என்று கேட்டா.

“இல்லையம்மா. ஒண்டை மட்டும் விட்டிருக்கிறம்.”

“ஏன், ஆருக்கு?”

“ஒருத்தற்ற மச்சானுக்கு.”

“அது நல்லது,” என்றா அம்மா.